வேளச்சேரியிலிருந்து ஒரு சபைச் செய்தி

வேளச்சேரி, சென்னை
செப்டம்பர் மாதம்

அன்பு நண்பா,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. உங்கள் சபையின் அசன விருந்தில் பிளாஸ்டிக் பூசிய தட்டுகளையும் கப்புகளையும் அறவே விலக்கி, வாழையிலையிலும் எவர்சில்வர் டம்ளரிலும் பரிமாறினீர்கள் என்று படித்தபோது மனம் நிறைந்தது. அந்தப் பகுதியை இங்கே அக்கம்பக்கத்துச் சபையார் கூடிய கூட்டத்தில் வாசித்தும் காட்டினேன்.

அந்தக் கூட்டத்தைப் பற்றித்தான் விரிவாக எழுத விரும்புகிறேன். செப்டம்பர் 1ஆம் தேதியைப் படைப்புக்கான ஜெப நாளாகக் கீழை ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் முதுபெரும் தந்தை திமித்ரியோஸ் 1989இல் அறிவித்தார். 2015இல் போப் பிரான்சிஸ் கத்தோலிக்கரும் அந்நாளை அனுசரிக்கச் செய்தார். அன்று தொடங்கி அக்டோபர் 4 வரை நீளும் படைப்பின் காலம், வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னதாக அமைவதால் சென்னைக்கு மிகவும் பொருந்துகிறது. சி.எஸ்.ஐ., லுத்தரன், மார்த்தோமா, கத்தோலிக்க சபைகளைச் சேர்ந்த நாங்கள் சிலர் கூடி, அவரவர் செய்யும் பணிகளைப் பகிர்ந்துகொள்கிறோம். முன்பெல்லாம் மரக்கன்று நட்ட புகைப்படங்களைக் காட்டுவதோடு பேச்சு முடிந்துவிடும். இம்முறை ஒரு பெரியவர், நட்ட கன்றுகளுக்குச் சித்திரை வெயிலில் தண்ணீர் ஊற்றியவர் யார் என்று கேட்டார். சபைகள் ஒன்றுக்கொன்று சொல்லவேண்டிய செய்தி அதுதான் என்று எனக்குத் தோன்றியது.

நான் பேசியது சபை வளாகத்தின் தரையைப் பற்றி. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறக்குறைய 1,400 மி.மீ. மழை பெய்கிறது, 1,000 சதுர மீட்டர் பரப்பில் விழும் அந்த மழை 14 லட்சம் லிட்டர். கார் நிறுத்துவதற்காக வளாகம் முழுவதும் சிமெண்ட் போட்டுவிட்டால், அதில் பெரும்பகுதி வாசலைத் தாண்டித் தாழ்வான தெருவுக்குப் போய்விடும். அப்படிப்பட்ட தெருக்களில் குடியிருப்பவர்கள் பெரும்பாலும் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் எங்கள் பகுதி பட்ட பாட்டை நீ தொலைக்காட்சியில் பார்த்திருப்பாய். அத்தகைய நாட்களில் சபை மண்டபத்தைத் திறந்துவிடுகிறோம். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் விடியற்காலையிலேயே எழுந்து சாம்பார் சாதம் பொட்டலம் கட்டுகிறார்கள். அந்த உழைப்பை நான் உயர்வாகவே மதிக்கிறேன். ஆனால் எந்த வீட்டுக்குப் பொட்டலம் கொண்டுபோகிறோமோ அந்த வீட்டுக்குள் நம் வளாகத்துத் தண்ணீர் புகாமல் பார்ப்பதும் அதே ஊழியத்தின் பகுதி அல்லவா? ஏழைகளுக்கான பணி ஒரு கமிட்டிக்கும் சுற்றுச்சூழல் பணி மற்றொரு கமிட்டிக்கும் என்று பிரித்துவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது முதல் பெரும்பாலான கட்டடங்களில் அதற்கான குழாய் இருக்கிறது. அது வேலை செய்கிறதா என்பதே கேள்வி. பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதி மணற்பாங்கானது. ஆழமில்லாத குழியிலேயே நீர் இறங்கிவிடும். எங்கள் பக்கம் களிமண். சிமெண்ட் உறைகளை, அதாவது வளையங்களை, இறக்கி, களிமண் அடுக்கைக் கடந்து, அடியிலுள்ள மணலைத் தொட்டால்தான் பயன் உண்டு. 1821இல் திறக்கப்பட்ட எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் தேவாலயத்தைக்கூட, நிலம் இளகியது என்பதால், கிணறுகளை அமைத்து அவற்றின் மேல்தான் எழுப்பினார்கள் என்பதைக் கூட்டத்தில் நினைவுபடுத்தினேன். எங்கள் வளாகத்தில் சிமெண்ட் தளத்தின் ஒரு பகுதியை உடைத்து இடைவெளி விட்டுக் கல் பதித்திருக்கிறோம். கூரைத் தண்ணீரை உறைகிணற்றில் விடுகிறோம். வண்டலும் சருகும் முதலில் தங்குவதற்கு ஒரு சிறு தொட்டி உண்டு. அதிலுள்ள ஜல்லியை ஆண்டுதோறும் மழைக்கு முன் வெளியே எடுத்துக் கழுவாவிட்டால் கிணறு அடைத்துக்கொள்ளும். அந்தப் பொறுப்பை வாலிபர் சங்கத்தார் ஏற்றிருக்கிறார்கள்.

மற்றவர்கள் சொன்னவற்றில் ஒன்றிரண்டு. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா திருவிழாவுக்கு நடந்து வரும் பக்தர்களுக்கு, வழியில் கேனும் எவர்சில்வர் டம்ளரும் வைத்துத் தண்ணீர் கொடுத்ததாகக் கத்தோலிக்க இளைஞர்கள் கூறினார்கள். 2019 ஜனவரி 1 முதல் தண்ணீர் பாக்கெட் தடை செய்யப்பட்டிருந்தாலும், கழுவுவதற்கு ஆள் கிடைக்காமல்தான் பலரும் காகிதக் கப்புக்குப் போய்விடுகிறார்கள் என்று அவர்கள் வெளிப்படையாகச் சொன்னது பிடித்திருந்தது. ஆகவே உங்கள் அசனத்தில் டம்ளர் கழுவுவதற்கு எத்தனை பேர் நின்றார்கள், தண்ணீர் எங்கிருந்து வந்தது, செலவு கூடியதா குறைந்ததா என்று எழுது. அறுப்பின் பண்டிகைக்கு முன் அந்த விவரம் எங்களுக்கு வேண்டும். பங்குனி ஆமைகள் என்னும் கடலாமைகள் முட்டையிடக் கரையேறும் பருவத்தில் கடலைப் பார்த்த விளக்குகளை இரவில் அணைத்துவைப்பதாகக் கடலோரச் சபையார் ஒருவர் தெரிவித்தார். குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று எண்ணிச் சாலைப் பக்கம் போய்விடுமாம்.

உங்கள் ஊர்க் குளத்தில் சீமைக் கருவேலத்தை வேரோடு எடுக்கும் வேலை எந்த அளவில் நிற்கிறது? அதில் கோயில் கமிட்டியாரும் ஜமாத்தாரும் உங்களோடு சேர்ந்துகொண்டார்களா என்று அறிய ஆவலாக இருக்கிறேன். நவம்பரில் மகள் வீட்டுக்கு நீ வரும்போது, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உறைகிணற்றின் மூடியைத் திறந்து காட்டுகிறேன். மழை பெய்கிற நாளாக அமைந்தால் இன்னும் நல்லது. வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்.

உன் அன்பு நண்பன்