முத்துவுக்கு, லேப்டாப் வாங்குவதற்கு முன்

அன்புள்ள முத்து,

இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது. உன் சம்பளத்தில் லேப்டாப் வாங்கப் போகிறாய் என்று கேட்டதில் எங்களுக்கு ரொம்ப மகிழ்ச்சி. மேக் வாங்கவா, விண்டோஸ் வாங்கவா, இல்லை அம்மா மாதிரி லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்துக்கு வந்துவிடவா என்று கேட்டிருந்தாய். போனில் பேசினால் கடைக்கு ஆள் வந்து பாதியில் நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

ரூமில் எல்லாரும் மேக்தான் என்கிறார்கள் என்றாய். அவர்கள் வேலைக்கு அது சரியாக இருக்கும். நீ நாள் முழுக்க சாலிட்ஒர்க்ஸில் இயந்திரப் பாகங்களை வரைகிறவன். அந்த மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும்தான் வருகிறது. இன்னொரு வரைபட மென்பொருளான ஆட்டோகேட் மேக்கில் உண்டு, லினக்ஸில் கிடையாது. முன்பெல்லாம் மேக்கில் இன்டெல் சிப் இருந்தது, பூட்கேம்ப் என்ற வழியில் அதே மேக்கில் விண்டோஸையும் தனியாகப் போட்டுக்கொள்ள முடிந்தது. 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்த எம்1 சிப்பைக் கொண்டுவந்த பிறகு அந்த வழி அடைபட்டுவிட்டது. ஆகவே வீட்டிலும் உட்கார்ந்து வரைந்து பழக வேண்டும் என்றால், உனக்கு விண்டோஸ் ஓடுகிற லேப்டாப்தான் வேண்டும். உன் கேள்விக்குச் சுருக்கமான பதில் அவ்வளவுதான்.

ஆனால் எனக்குப் பிடித்தது எது, ஏன் பிடித்தது என்றும் கேட்டிருக்கிறாயே, அதைச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

மேக்கை நான் குறைத்துப் பேச மாட்டேன். நம் வீட்டுக்குச் சோறு போட்ட டி.டி.பி., அதாவது கணினியில் பக்கம் வடிவமைக்கிற தொழிலே அதில்தான் பிறந்தது. மேக்கின்டாஷ் 1984 ஜனவரியில் வந்தது. அடுத்த வருடமே லேசர்ரைட்டர் பிரிண்டரும் பேஜ்மேக்கர் என்கிற பக்கம் வடிவமைக்கும் மென்பொருளும் வந்தன. அச்சுக் கோக்கிற ஆளும் ஈய எழுத்தும் இல்லாமல் ஒரு மேசையில் உட்கார்ந்தே பக்கம் வடிவமைக்கலாம் என்று உலகத்துக்குக் காட்டியது அந்த மூன்றும் சேர்ந்துதான். இப்போதைய மேக் ஓ.எஸ். 2001இல் வந்ததன் தொடர்ச்சி. ஆப்பிளை விட்டு வெளியே போன ஸ்டீவ் ஜாப்ஸ் நெக்ஸ்ட் என்று ஒரு கம்பெனி தொடங்கினார், அதை ஆப்பிளே வாங்கியது. அங்கிருந்து வந்த, யுனிக்ஸ் என்கிற பழைய இயங்குதள வகையைச் சேர்ந்த அடித்தளத்தின் மேல்தான் இன்றைய மேக் நிற்கிறது. அதனால்தான் புரோகிராம் எழுதுகிற பிள்ளைகளுக்கு அதை அவ்வளவு பிடிக்கிறது. தமிழும் அதில் அழகாகத் தெரியும். மலேசியாவின் முத்து நெடுமாறன் செய்த இணைமதி எழுத்துரு மேக்குடனேயே வருகிறது. அஞ்சல், தமிழ்99 இரண்டு விசைப்பலகையும் உள்ளேயே இருக்கின்றன.

எனக்கு ஒத்துவராதது ஒன்றுதான். இப்போதைய மேக்புக்கில் ரேமை, அதாவது வேலை நேர நினைவகத்தை, போர்டோடு சேர்த்தே வைத்துவிடுகிறார்கள். வாங்குகிற அன்றைக்கு எவ்வளவு எடுத்தாயோ, கடைசிவரை அவ்வளவுதான். நாலு வருடம் கழித்துப் போதவில்லை என்றால் ஒரு சிப்பை வாங்கிச் சொருக வழியில்லை. இன்டெல் சிப் உள்ள மேக்குகளுக்கு 2025இல் வந்த மேக் ஓ.எஸ். 26தான் கடைசிப் பதிப்பு என்றும் ஆப்பிள் சொல்லிவிட்டது. பொருள் நல்ல பொருள்தான். ஆனால் எத்தனை நாளைக்கு என்பதை நாம் தீர்மானிக்க முடியாது.

விண்டோஸைப் பற்றி நன்றியோடுதான் பேசுவேன். நான் கடை போட்டபோது விண்டோஸ் 98. அப்புறம் எக்ஸ்.பி. அது 2001 அக்டோபரில் வந்தது, 2014 ஏப்ரல் 8 வரை மைக்ரோசாஃப்ட் அதற்குப் பாதுகாப்பு அப்டேட் கொடுத்தது. பன்னிரண்டு வருடத்துக்கு மேல்! உன் அக்கா பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதிலிருந்து கல்லூரிக்குப் போகிறவரை நம் கடைத் திரையில் பார்த்தது எக்ஸ்.பி.யின் அதே பச்சைப் புல்வெளிப் படம்தான்.

விண்டோஸின் உண்மையான பலம் வேறு ஒரு இடத்தில் இருக்கிறது, அதை யாரும் அதிகம் சொல்வதில்லை. பேஜ்மேக்கர் 7 வந்தது 2001இல். அதற்குப் பிறகு அதில் புதுப் பதிப்பே வரவில்லை, அடோபி அதைக் கைவிட்டுவிட்டது. இருந்தும் நம் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பல அச்சகங்களில் இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது. இத்தனை வருடத்துக்கு முந்தைய ஒரு மென்பொருளை, கொஞ்சம் தாஜா பண்ணினால், பின்னால் வந்த விண்டோஸும் ஏற்றுக்கொள்கிறது. பழையதைக் கைவிடாத இந்தக் குணம் மேக்கில் கிடையாது, லினக்ஸிலும் இந்த அளவுக்குக் கிடையாது. சின்ன ஊர்களில் சின்னத் தொழில் செய்கிற எத்தனையோ பேர் இதை நம்பித்தான் பிழைத்தோம். கணக்கு எழுதுகிற டாலி மென்பொருளும் விண்டோஸில்தான் ஓடுகிறது, அப்பாவின் கணக்கும் அதில்தான்.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. பதிவு செய்துகொண்டால் வீட்டுக் கணினிகளுக்கு இன்னும் ஒரு வருடம் பாதுகாப்பு அப்டேட் உண்டு, அவ்வளவுதான். விண்டோஸ் 11 வேண்டுமானால் டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்புச் சிப் இருக்க வேண்டும், இன்டெல் சிப் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிறகோ இருக்க வேண்டும். நம் கடையில் இருக்கிற இரண்டும் ஆறாம் தலைமுறை ஐ5. நீதான் எனக்குத் தேடி வாங்கிக் கொடுத்தாய். எஸ்.எஸ்.டி. என்கிற வேகமான டிஸ்கைப் போட்ட பிறகு இரண்டும் சொன்னபடி கேட்கின்றன. நன்றாக ஓடுகிற ஒன்றைத் தூக்கிப் போட எனக்கு மனசு வராது.

அதற்காகத்தான் லினக்ஸுக்குப் போனேன் என்று நினைக்காதே. நம் வீட்டுக்குள் அது எப்போதோ வந்துவிட்டது. அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த விலையில்லா லேப்டாப் ஞாபகம் இருக்கிறதா? அதை ஆன் செய்தால் இரண்டு பெயர் வரும். ஒன்று விண்டோஸ், இன்னொன்று பாஸ் லினக்ஸ். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் செய்த லினக்ஸ் அது. அக்காவின் தோழிகள் வீட்டிலெல்லாம் முதல் வேலையாக அதை அழித்துவிட்டு அந்த இடத்தில் படங்களை நிரப்பினார்கள். அக்கா அழிக்கவில்லை. கடையில் ஆள் இல்லாத நேரத்தில் நான் அதைத் திறந்து பார்ப்பேன். வைரஸ் பயம் இல்லாமல் பென்டிரைவைச் சொருகலாம் என்பதே அப்போது பெரிய நிம்மதி. ஜெராக்ஸ், பிரிண்ட் என்று ஊர்ப் பென்டிரைவெல்லாம் நம் கடைக்குத்தானே வரும்.

லினக்ஸின் கதை எனக்குப் பிடித்த கதை. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் குனு என்கிற இயங்குதளத் திட்டத்தை அறிவித்தார். யாரும் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்பதுதான் அதன் அடிப்படை. 1991இல் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் அதற்குத் தேவைப்பட்ட கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, எழுதி வெளியே விட்டார். அப்போது அவருக்கு 21 வயது, இப்போதைய உன்னைவிடச் சின்னவர். 2004இல் உபுண்டு என்கிற லினக்ஸ் வடிவம் வந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் தபாலில் இலவசமாக சி.டி. அனுப்பினார்கள். கிளமென்ட் லெஃபெவ்ர் 2006இல் தொடங்கியது லினக்ஸ் மின்ட். உபுண்டுவை அடிப்படையாக வைத்து, விண்டோஸில் பழகியவர்கள் திகைக்காதபடி செய்த வடிவம். கீழே இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம். எனக்குப் பிடித்தது எது என்றால் இதுதான், முத்து. இதிலும் எக்ஸ்.எஃப்.சி.இ. என்கிற லேசான பதிப்பு.

ஏன் என்று சொல்கிறேன். கணினியில் எதையும் அழிக்காமல், பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை எடுக்கிறதா, சத்தம் வருகிறதா, தமிழ் சரியாகத் தெரிகிறதா என்று எல்லாம் பார்த்த பிறகு போட்டால் போதும். மின்னஞ்சல் முகவரி கொடு, கணக்குத் திற என்று கேட்காது. அப்டேட் வந்திருக்கிறது என்று சொல்லும், எப்போது போடுவது என்பதை நான்தான் முடிவு செய்வேன். வாசலில் ஆள் பத்திரிகைக்கு நிற்கும்போது அது தானாக ரீஸ்டார்ட் ஆகாது. டைம்ஷிஃப்ட் என்று ஒன்று உண்டு, அதை முன்பே அமைத்து வைத்திருந்தால், ஏதாவது கோளாறானபோது சேமித்து வைத்த பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். மின்ட் 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை அப்டேட் உண்டு, அந்த ஆறாம் தலைமுறைக் கணினிக்கே.

இன்னொன்று எனக்கே எனக்கானது. நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் ஹையர் பாஸ் பண்ணியவள். என் விரல்களுக்குத் தெரிந்தது தட்டச்சு விசைப்பலகை. லினக்ஸில் விசைப்பலகை முறையைத் தேர்ந்தெடுக்கிற ஐபஸ் என்பதில் போய்த் தமிழ் என்று தேடினால் தமிழ்99, ஃபொனட்டிக், அதோடு டைப்ரைட்டர் முறையும் வரிசையாக நிற்கிறது. அதை முதலில் பார்த்த அன்றைக்கு மனு ஒன்றை நிறுத்தாமல் ஒரே மூச்சில் அடித்து முடித்தேன்.

குறைகளும் இருக்கின்றன, அவற்றையும் தெரிந்துகொள். பேஜ்மேக்கரும் டாலியும் வேண்டும் என்பதால் ஒரு கணினியில் விண்டோஸை அப்படியே வைத்திருக்கிறேன். பேஜ்மேக்கர் உள்ள அந்தக் கணினிக்கு இன்டர்நெட்டே கிடையாது. புதிய வேலைகளை மின்டில், ஸ்கிரைபஸ் என்கிற இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்கிறேன். முன்பு அதில் தமிழ் எழுத்துகள் கால் ஒருபக்கம் கொம்பு ஒருபக்கமாகச் சிதறும். 2024 தொடக்கத்தில் வந்த 1.6 பதிப்பிலிருந்து ஒழுங்காக வருகிறது. சில பிரிண்டர்களுக்கு லினக்ஸ் டிரைவர் தேடி அலைய வேண்டியிருக்கும், வாங்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

பேஜ்மேக்கர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், உன் வேலைக்கும் அது பொருந்தும். எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீடான யுனிகோட் அதற்குத் தெரியாது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு எழுத்துரு கம்பெனிக்கும் ஒவ்வொரு குறியீடு. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணையம் 99 மாநாடு நடந்து, அதன் பிறகு டாம், டாப் என்று இரண்டு குறியீடுகளாகத் தரப்படுத்தினார்கள். தமிழ்99 விசைப்பலகை வந்ததும் அங்கிருந்துதான். ஆனாலும் பாமினி, வானவில் என்று கடைக்குக் கடை ஓர் எழுத்துரு ஓடிக்கொண்டேதான் இருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தாத்தாவின் கருமாதிப் பத்திரிகைகூட வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் தெரியும். போன மாதம் ஒரு தமிழாசிரியர் இருபது வருடத்துக்கு முன் அடித்த தன் கவிதைகளை சி.டி.யில் கொண்டுவந்தார். எந்த எழுத்துருவில் அடித்தது என்று அவருக்கும் தெரியவில்லை. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, கண்டுபிடித்து, யுனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தேன். அவர் அழுதேவிட்டார்.

அதனால் நீ வரைகிற படங்களை சாலிட்ஒர்க்ஸின் சொந்த வடிவத்தில் மட்டும் வைத்துக்கொள்ளாதே. அதன் புதுப் பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பில் அப்படியே திருத்த முடியாது என்பது உனக்கே தெரியும். கம்பெனி வரைபடங்களைச் சொல்லவில்லை, அது அவர்கள் சொத்து. நீயாகப் பழகி வரைகிறாயே, அவற்றில் ஒவ்வொரு பிரதியை ஸ்டெப் வடிவத்திலும் போட்டு வை. அது ஐ.எஸ்.ஓ. தரம், எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. லினக்ஸில் ஃப்ரீகேட் என்று ஒரு வரைபட மென்பொருள் இருக்கிறது, அது ஸ்டெப் கோப்பை நன்றாகத் திறக்கும். நாம் செய்த வேலை நம் கையில் இருக்க வேண்டும். விண்டோஸா லினக்ஸா என்று நான் பார்ப்பதெல்லாம் அதை வைத்துத்தான்.

சரி, இனி வாங்குகிற கதைக்கு வருவோம். விண்டோஸ் 11 ஓடுகிற லேப்டாப் எடு. ரேம் 16 ஜி.பி.யாவது இருக்கட்டும், சாலிட்ஒர்க்ஸுக்கு எட்டு போதாது. ரேமைக் கழற்றி மாட்ட முடிகிற மாடலாக இருக்க வேண்டும். சில லேப்டாப்களில் மேக் மாதிரியே போர்டில் ஒட்டிவிடுகிறார்கள், கடைக்காரர் அதைச் சொல்ல மாட்டார், நீதான் கேட்க வேண்டும். இரண்டாவது எஸ்.எஸ்.டி. போட இடம் இருக்கிறதா என்றும் பார். இருந்தால் அதில் மின்ட் போடுவோம். ஒரே டிஸ்கைப் பிரிப்பதைவிடத் தனித் தனியாக இருப்பது நல்லது, விண்டோஸ் அப்டேட் வந்தாலும் பெரும்பாலும் மற்றதைத் தொடாது. புது லேப்டாப்களில் டிஸ்கைப் பூட்டுகிற விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு தானாகவே போட்டிருக்கக்கூடும். எதையும் தொடுவதற்கு முன் அதன் மீட்புச் சாவி எண்ணை எடுத்து ஒரு காகிதத்தில் எழுதி வை, போனில் மட்டும் வைக்காதே.

மேக்தான் வேண்டும் என்று உன் மனசு சொன்னால், அதை இரண்டாவதாக, இன்னும் சில வருடம் கழித்து, வேலை மாறும்போது வாங்கிக்கொள். அம்மா தடுக்க மாட்டேன்.

பணம் கட்டுவதற்கு முன் மாடல் எண்ணை மட்டும் எனக்கு அனுப்பு. ரேம் கழலுமா, வைஃபை சிப் லினக்ஸில் எடுக்குமா என்று பார்த்து அன்றைக்கு ராத்திரியே சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்கு வரும்போது லேப்டாப்பை எடுத்து வா, மின்டை நாம் சேர்ந்து உட்கார்ந்து போடலாம். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா
சங்கரன்கோவில்