எத்தனை வருஷம் தாங்கும்?

சாட்ஸ்வர்த், டர்பன்
ஆடி கடைசி வெள்ளி

அன்புள்ள செங்கல்பட்டுக்காரிக்கு,

மூன்று மாதமாக உனக்கு எழுதவில்லை. கோபமாக இருப்பாய், இரு. போனில் பேசியிருக்கலாம். ஆனால் நமக்குள் கடிதம் தமிழில்தான் என்று வாத்தியாருக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறதே. அதோடு, இதைப் போனில் சொன்னால் நீ பாதியில் குறுக்கே விழுந்து பேசுவாய். ஒருதரம் முழுசாகப் படி.

இங்கே எல்லாரும் சுகம். உன் மருமகள் கொடுத்துவிட்ட மாங்காய் ஊறுகாய் வந்து சேர்ந்தது. உப்பு கூடுதல், அவளிடம் சொல்லாதே. கோயிலில் கூழ் ஊற்றி முடிந்தது. பெரிய மாமி கூடையை இன்னும் திருப்பித் தரவில்லை, கேட்கவும் யாருக்கும் தைரியம் இல்லை.

இனி விஷயம். சின்னவள் ஜோகன்னஸ்பர்க்கில் புது டி.பி. தடுப்பூசிப் பரிசோதனையில் சேர்ந்திருக்கிறாள். போன வருஷமே சேர்ந்து, ஒரு மாத இடைவெளியில் 2 ஊசியும் போட்டுக்கொண்டாயிற்று. எனக்குச் சொன்னது இந்த ஜூனில். சேர்க்கும் முன்பு ரத்தம் எடுத்துப் பார்த்து, உடம்பில் கிருமி இருக்கிறது, தூங்கிக்கொண்டிருக்கிறது என்று சொன்னார்களாம்.

அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உலகத்தில் நாலில் ஒருவர் உடம்பில் அந்தக் கிருமி உண்டு, அவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்குத்தான் ஆயுசில் நோயாக மாறும் என்று க்ளினிக்கில் எத்தனை பேருக்குத் தைரியம் சொல்லியிருப்பேன்! பெற்ற பிள்ளை என்று வந்ததும் அந்தக் கணக்கெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அப்பா நியூலண்ட்ஸில் ஃபோசா டி.பி. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள்தான் கண்ணுக்கு முன்னால் வந்தன. ஞாயிற்றுக்கிழமை நீயும் என்கூட அடுக்குப் பாத்திரம் தூக்கிக்கொண்டு வருவாய். தூரத்தில் நின்று கையாட்டிவிட்டுத் திரும்புவோம். நீ அழுவாய், நான் அழமாட்டேன்.

ஊசிக்குப் பெயர் எம்72. முந்தைய கட்டத்தில் கென்யா, ஸாம்பியா, நம் தென்னாப்பிரிக்கா மூன்றிலும் கிருமி தூங்கும் பெரியவர்கள் 3,500 பேருக்கு மேல் சேர்த்துப் பார்த்தார்கள். 3 வருஷத்தில் ஊசி போட்ட பக்கம் 13 பேருக்கு நோய் வந்தது, மருந்தில்லாத வெற்று ஊசி போட்ட பக்கம் 26 பேருக்கு. சரிபாதி. பழைய டி.பி. தடுப்பூசியான பி.சி.ஜி. மனிதருக்கு முதலில் கொடுக்கப்பட்டது 1921இல், இன்றைக்கும் க்ளினிக் அலமாரியில் இருப்பது அது ஒன்றுதான். அதனால் அந்தப் பாதியே எனக்குப் பெரிய சந்தோஷம். 2024 மார்ச்சில் பெரிய பரிசோதனை நம் நாட்டில்தான் தொடங்கியது. 5 நாடுகள், 20,000 பேருக்கு மேல், 15 வயது முதல் 44 வரை. சின்னவள் அதில் ஒருத்தி.

"நாலாவது வருஷம் எப்படி?" என்று கேட்டேன். "அதை இன்னும் யாரும் பார்க்கலையேம்மா" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைதான் இரண்டு மாதமாக என்னைத் தூங்கவிடவில்லை. ஏன் என்று உனக்குச் சொல்கிறேன், வேறு யாரிடமும் சொன்னதில்லை. பிறந்த பிள்ளைகளின் வலது கைப்புஜத்தில் பி.சி.ஜி. போட்டவள் நான். எத்தனை ஆயிரமோ, எண்ணவில்லை. "சிஸ்டர், இது எத்தனை வருஷம் தாங்கும்?" என்று தாய்மார் கேட்பார்கள். "ஆயுசுக்கும் போதும், போய் வா" என்பேன். எனக்கு அது தெரியாது. வரிசை நீளமாக இருந்தது, அவர்கள் முகத்தில் பயம் இருந்தது, சொல்லிவிட்டேன். கைக்குழந்தைக்கு மூளைக்காய்ச்சல் வகை டி.பி. வராமல் அது நன்றாகக் காக்கும், அதில் பொய்யில்லை. ஆனால் வளர்ந்த பிள்ளையின் நுரையீரலுக்கு அதை நம்பி இருக்க முடியாது. அன்று நான் ஊசி போட்ட பிள்ளைகளில் சிலர் பிறகு இருமிக்கொண்டு அதே வாசலில் வந்து நின்றார்கள். தழும்பு கையிலேயே இருந்தது.

இதில் உன் ஊருக்கும் பங்கு உண்டு. உன் கொள்ளுத்தாத்தா கப்பல் சீட்டில் 'செங்கல்பட்டு ஜில்லா' என்று இருக்கிறதே, அதே ஜில்லாவில் 1968இல் பி.சி.ஜி.யைப் பெரிய அளவில் சோதித்தார்கள். ஊர் ஊராகப் போய்ப் போட்டு, 15 வருஷம் பின்தொடர்ந்தார்கள். முழுக்கணக்கு 1999இல் வந்தது. பெரியவர்களுக்குப் பலனே இல்லை, சின்னப் பிள்ளைகளுக்கு நூற்றுக்கு 27. அமெரிக்காவில் பூர்வகுடி மக்களுக்கு 1930களில் போட்ட அதே பி.சி.ஜி. 50 வருஷத்துக்கு மேலும் பாதிக்குப் பாதி காத்திருக்கிறது. ஒரே பெயருள்ள ஊசி, மண்ணுக்கு மண் ஆயுசு வேறே. இதை உட்கார்ந்து யோசிக்க யோசிக்க எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

இன்னொன்று கேள். எம்72இல் வீரியம் கூட்ட ஒரு சரக்குச் சேர்க்கிறார்கள். சிலி நாட்டுச் சோப்பு மரப் பட்டையிலிருந்து எடுப்பதும் அதில் ஒன்று. ஆயா பூந்திக்கொட்டை ஊறவைத்துத் தலை தேய்ப்பாளே, அதில் நுரைக்கிற அதே இனச் சத்து. இதே சரக்கு அக்கிக்குப் போடும் தடுப்பூசியிலும் இருக்கிறது, அது 11ஆம் வருஷத்திலும் நூற்றுக்கு 80க்கு மேல் காக்கிறது. மலேரியா ஊசி ஒன்றிலும் இதே சரக்குத்தான். கென்யாவில் 3 தவணை போட்ட குழந்தைகளை 7 வருஷம் பார்த்தார்கள். முதல் வருஷம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காத்தது, 7 வருஷத்தையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு 4 கூட நிச்சயமில்லை. நம் எம்72 எந்தப் பக்கம் போகும்? அக்கிக் கிருமி ஏற்கெனவே உடம்புக்குள் படுத்திருப்பது, சின்னவளுடைய கிருமியைப் போல. அதை நினைத்தால் நம்பிக்கை வருகிறது. ஆனால் கொசு நாள்தோறும் கடிப்பது மாதிரி, ஜன்னல் சாத்திய டாக்ஸி வேனில் 15 பேரோடு நாள்தோறும் மூச்சு விடுகிறாள் அவள். அதை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

மஞ்சள் காமாலை (ஹெபடைட்டிஸ் பி) ஊசி போட்டால் ரத்தத்தைச் சோதித்துப் 'போதும்' என்று சொல்ல ஒரு அளவு உண்டு. டி.பி.க்கு அப்படி ஒரு அளவு கிடையாது. எம்72 போட்டு 3 வருஷம் கழித்தும் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி தெரிந்தது உண்மை. அது காக்கப் போதுமா என்பதை எந்த ஆய்வுக்கூடமும் சொல்லாது. யாருக்கு நோய் வருகிறது, யாருக்கு வரவில்லை என்று காத்திருந்து எண்ணுவதுதான் வழி. அதிலும் ஒரு சிக்கல். ஊசி நல்லது என்று முடிவானால், வெற்று ஊசி போட்டவர்களுக்கும் நல்லதைக் கொடுக்காமல் இருப்பது தர்மமில்லை. கொடுத்துவிட்டாலோ, ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லை. பத்தாம் வருஷக் கணக்கு அங்கேதான் கைநழுவும்.

எனக்கு இது வெறும் கணக்கில்லை. 15 வயதில் போட்டது 18இல் தீர்ந்துவிட்டால், வேலை தேடி ஊர் ஊராக அலைகிற வயதில் அந்தப் பிள்ளை வெறும் கையோடு நிற்கும். மறுபடி போடலாம் என்று காகிதத்தில் எழுதுவது எளிது. உடம்பில் ஒரு நோவும் இல்லாத 18 வயதுப் பையனைக் க்ளினிக்குக்கு வரவழைத்துப் பார்த்தவளுக்குத்தான் தெரியும். அதற்காக ஊசி வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். 3 வருஷம் காத்தாலும் அதில் பிழைக்கிறவன் யாரோ ஒருத்தியின் மகன். கேட்கிற தாயிடம் "3 வருஷம் வரை பார்த்திருக்கிறோம், அதற்குமேல் பார்த்துக்கொண்டிருக்கிறோம், வருஷாவருஷம் வா" என்று சொல்லவேண்டும். நான் சொல்லாததை இனி வரும் சிஸ்டர்கள் சொல்லவேண்டும்.

தனக்குப் போட்டது மருந்தா வெற்று ஊசியா என்று சின்னவளுக்கும் தெரியாது. பரிசோதனை முடியும்வரை சொல்லமாட்டார்கள். "ஏண்டி சேர்ந்தாய்?" என்று கேட்டதற்கு "தாத்தாவுக்காகத்தான்" என்றாள். அவள் தாத்தாவைப் பார்த்ததே இல்லை.

உனக்கு ஒரு வேலை. லெனேசியாவிலிருந்து அவள் வீடு பக்கம்தானே, வருகிற ஞாயிறு போய்ப் பார். முருங்கைக்கீரை பொரியல் செய்து எடுத்துக்கொண்டு போ, உன் கையால் என்றால் சாப்பிடுவாள். இளைத்திருக்கிறாளா, சாயங்காலம் உடம்பு சுடுகிறதா என்று கவனி. ஆனால் நான் சொல்லித்தான் வந்தாய் என்று காட்டிக்கொள்ளாதே. பார்த்துவிட்டு அன்று ராத்திரியே போன் பண்ணு. கடிதத்துக்குக் காத்திருக்க முடியாது. இந்த ஒரு தரம் வாத்தியார் பொறுத்துக்கொள்வார்.

உன் பழைய பெஞ்சுக்காரி