எண்பதுக்கு மேல் எல்லோரும் ஒரே வயதினர் அல்லர்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டங்களில் மூத்தோர் தடகளப் போட்டிகளை நடத்தும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஆண்டு நம் பகுதியில் நடந்த ஒரு போட்டியில், 91 வயதான என் அப்புச்சி (அம்மாவின் அப்பா), 81 வயதான ஒருவருடன் ஒரே வரிசையில் நின்று நூறு மீட்டர் ஓடினார். எண்பதைக் கடந்த அனைவரையும் ஒரே பிரிவில் சேர்த்திருந்தார்கள். கடைசியாக வந்த அவருக்கு அரங்கமே கைதட்டியது. அவர் ஓடிய நேரத்தை மட்டும் எவரும் குறித்துக்கொள்ளவில்லை. இளமையில் தோட்டத்துக் கிணற்றில் மாடு பூட்டி நீர் இறைக்கும் கவலை ஓட்டியவர், வீடு திரும்பும் வழியில், "எத்தனை செகண்டுல வந்தேன், கண்ணு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் மெல்லக் குறையும் ஓட்டத்திறன், எழுபதைத் தாண்டியபின் வேகமாகச் சரிகிறது. விரைந்து சுருங்கும் தசை இழைகள் மெலிவதும், அவற்றை இயக்கும் நரம்பணுக்கள் குறைவதும், இதயத் துடிப்பின் உச்ச அளவு தாழ்வதும் இதற்குக் காரணங்கள். ஜப்பானின் ஹிடெகிச்சி மியாசாகி 100 வயதுப் பிரிவில் 29.83 வினாடிகளில் ஓடிய அதே நூறு மீட்டருக்கு, 105 வயதில் 42.22 வினாடிகள் தேவைப்பட்டன. கனடாவின் எட் விட்லாக் 73 வயதில் 2 மணி 54 நிமிடங்களில் முடித்த மாரத்தான், 85 வயதில் 3 மணி 56 நிமிடங்கள் ஆனது. நாற்பது வயதுக்காரருக்கு ஐந்து ஆண்டுகள் பெரிய வேறுபாடல்ல. தொண்ணூறு வயதுக்காரருக்கு அது மிகப் பெரியது. உலக மூத்தோர் தடகளம் 35 வயதிலிருந்து ஐந்தைந்து ஆண்டுகளாகவே பிரித்துச் செல்கிறது. நாமோ, பிரிவு மிகவும் தேவைப்படும் வயதில் பிரிப்பதை நிறுத்திவிடுகிறோம். ஒரு பிரிவில் ஒருவரே இருந்தாலும் அந்தப் பிரிவு இருக்கட்டும்.

இந்த வயதிலும் பயிற்சி வீண்போவதில்லை. பிரான்சின் சைக்கிள் வீரர் ராபர்ட் மார்ஷான், 101 வயதுக்கும் 103 வயதுக்கும் இடையில் மேற்கொண்ட பயிற்சியால், அவர் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவு ஏறத்தாழ 13 விழுக்காடு உயர்ந்தது. 2014-இல், 102 வயதில், ஒரு மணி நேரத்தில் 26.927 கிலோமீட்டர் சென்றவர், 105 வயதில் 22.547 கிலோமீட்டர் சென்றார். ஏற்றமும் இறக்கமும் நமக்குத் தெரிவது, ஒவ்வொரு முறையும் யாரோ பொறுப்பாக அளந்து எழுதி வைத்ததால்தான்.

வயதுச் சான்று குறித்தும் ஒரு வேண்டுகோள். 2011-இல், நூறு வயதினராக டொராண்டோ மாரத்தானை ஓடி முடித்த ஃபௌஜா சிங்கிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லாததால், கின்னஸ் அதைச் சாதனையாக ஏற்கவில்லை. நம் கிராமங்களிலும் அந்தத் தலைமுறையில் பலருக்குப் பிறப்புப் பதிவே இல்லை. ஆகவே பள்ளிச் சான்று முதலிய பழைய ஆவணங்களைப் பெயர் பதியும்போதே சரிபார்த்து, நகலைக் காத்து வையுங்கள்.

குண்டு எறிதலில் எண்பதைக் கடந்த ஆண்களுக்கு உரியது 3 கிலோ குண்டு. அதையும் முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டுகிறேன்.

அப்புச்சி இந்த ஆண்டும் பெயர் கொடுத்திருக்கிறார். அவர் ஓடிய நேரத்தை இம்முறை எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
அவருடைய பேத்தி,
பெருந்துறை