வீட்டை விற்க வேண்டாம், மீனா

நங்கநல்லூர்,
ஞாயிறு மாலை

அன்பு மகள் மீனாவுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருக்க ஆஞ்சநேயரை வேண்டிக்கொள்கிறேன்.

மேல் வீட்டுச் சத்தத்தைப் பற்றிப் போனில் பேச்செடுத்தாலே, "வீட்டை விற்றுவிடலாம் அம்மா" என்று நீ முடித்துவிடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கோயம்புத்தூரில் முதியோருக்கென்றே கட்டியிருக்கும் குடியிருப்புகளின் படங்களை நீ அனுப்பியதை அப்பாவும் நானும் பார்த்தோம். தோட்டம், மருத்துவர், சமையற்கூடம் எல்லாம் இருக்கிறது. அங்கே போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் விருப்பப்பட்டுப் போவது வேறு, விரட்டப்பட்டுப் போவது வேறு. மேல் வீட்டில் ஒருவர் நள்ளிரவில் பாட்டுப் போடுகிறார் என்பதற்காக நாங்கள் ஊரை விட்டுப் போக வேண்டுமா? இந்தத் தெருவில் என்னிடம் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்பாவின் இதய மருத்துவர் ஆட்டோவில் போகிற தூரத்தில் இருக்கிறார். நான் வரமாட்டேன்.

சத்தம் என்றாலே எனக்கு ஆகாது என்று நினைத்துவிடாதே. விமான நிலையம் பக்கத்தில் இருக்கும் ஊர் இது. விமானங்கள் தாழப் பறப்பதைப் பற்றி நான் ஒரு நாளாவது முணுமுணுத்து நீ கேட்டிருக்கிறாயா? மார்கழியில் விடியுமுன் கோயில் ஒலிபெருக்கி பாடும், ஆடியில் அம்மன் கோயில் கூழ் ஊற்றும். எதிர் வீட்டுக் கைக்குழந்தை இரவெல்லாம் அழுதபோது, அந்தப் பெண் தூங்கட்டும் என்று நான்தான் போய்த் தூக்கி வைத்துக்கொண்டேன். மனிதர்கள் வாழ்வதால் எழும் சத்தம் அது. பக்கத்தில் மனிதர் இருப்பதை மறந்துவிட்டு எழுப்பும் சத்தம் வேறு. எனக்குத் தாங்காதது இதுதான்.

முன்பு மேல் வீட்டில் வாடகைக்கு இருந்த இளம் தம்பதியரை உனக்கு நினைவிருக்கும். சாப்பாட்டு மேசை நாற்காலிகளை அவர்கள் இழுக்கும்போதெல்லாம் எங்கள் தலைக்கு மேல் கரகரவென்று கேட்கும். கான்கிரீட் தளத்தில் நேராக விழும் அதிர்வு அது, தளம் அதை அப்படியே கீழே இறக்கிவிடும். கீழ் வீட்டில் என்ன செய்தாலும் அதைப் பெரிதாகத் தடுக்க முடியாது. அது பிறக்கும் இடத்தில்தான் தடுக்க வேண்டும். நாற்காலிக் கால்களில் ஒட்டும் மெத்தை வட்டுகள் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். வாங்கிக்கொண்டு மேலே போனேன். "ஆன்ட்டி, கீழே கேட்கும் என்றே தெரியாது" என்று அந்தப் பெண் வெட்கப்பட்டு அன்றைக்கே ஒட்டிவிட்டாள். மிக்ஸிக்கு அடியிலும் ரப்பர் விரிப்பு போட்டாள். அதோடு முடிந்தது. முக்கால்வாசிச் சத்தம் இப்படித்தான், சொன்னால் தீர்ந்துவிடும்.

இப்போது இருப்பவர் சொந்தமாக வாங்கி வந்தவர். முதலில் மாதக்கணக்கில் உள்வேலை. பழைய தரையைப் பெயர்த்தார்கள், கல் அறுத்தார்கள், ஞாயிற்றுக்கிழமையும் விடவில்லை. எங்கள் தளத்தில் மூன்று செவிலியர்ப் பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்களே, இரவுப் பணி முடித்து வந்து பகலில் தூங்க வேண்டியவர்கள். அவர்கள் பட்டபாட்டைச் சொல்ல முடியாது. ஒருத்தி எங்கள் வீட்டு உள்ளறையில் வந்து படுத்துக்கொள்வாள். உள்வேலை முடிந்தபின் வீட்டுத் திரையரங்கு வந்தது. பெரிய சப்-ஊஃபர், அதாவது அடித்தாளத்துக்கென்றே இருக்கும் ஒலிபெருக்கி, வைத்திருக்கிறார். வெள்ளி, சனி இரவுகளில் பதினொன்றரை, பன்னிரண்டு வரை போகும். பாட்டின் சொல் ஒன்றும் காதில் விழாது. அந்த அடித்தாளம் மட்டும் சுவர் வழியாக இறங்கிக் கட்டில் வரைக்கும் வரும்.

சத்தம் எத்தனை டெசிபெல் என்று கைபேசியில் அளந்து அனுப்பச் சொன்னாய். அளந்தேன். எண் பெரிதாகக் காட்டவில்லை. ஏன் என்று சொல்கிறேன், இது நான் பள்ளியில் நடத்திய பாடம். நம் காது அடித்தாளம் போன்ற தாழ்ந்த அதிர்வெண் ஒலிகளைக் குறைவாகவே கேட்கும். அதற்கு ஏற்ப, வழக்கமான அளவீட்டில் தாழ்ந்த அதிர்வெண்களின் கணக்கைக் குறைத்துவிடுவார்கள். போதாததற்குக் கைபேசியின் ஒலிவாங்கி பேச்சுக்காகச் செய்யப்பட்டது. அதனால் ஜன்னல் கண்ணாடி நடுங்கும்போதுகூடத் திரையில் எண் அடக்கமாகவே இருக்கும். அந்த எண்ணைக் காட்டி, "பாருங்கள், பேச்சு அளவுதானே" என்று நம் குடியிருப்புச் சங்கச் செயலாளர் என்னிடமே வாதாடினார். இயற்பியல் ஆசிரியையிடம்!

அப்பாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை கூட்டியிருப்பது உனக்குத் தெரியும். சத்தம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தூக்கத்தில் விட்டுவிட்டு வரும் சத்தம், ஆள் விழிக்காவிட்டாலும், இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றுகிறது என்பது மருத்துவம் ஒப்புக்கொண்ட செய்தி. படுக்கையறையில் 30 டெசிபெலுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இலேயே சொல்லிவிட்டது. அப்பா விழித்துக்கொண்டு, என்னை எழுப்பக் கூடாது என்று அசையாமல் படுத்திருப்பார். நானும் விழித்துத்தான் இருப்பேன்.

இவ்வளவும் சொன்னாலும் என் கோபம் மேல் வீட்டுக்காரர் மேல் பாதிதான். மீதி முழுவதும் சங்கத்தின் மேல்.

நம் சங்கத்தின் துணைவிதிகளில் தெளிவாக எழுதியிருக்கிறது: இரவு பத்து மணிக்கு மேல் ஒலி எழுப்பக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை இடிக்கும் வேலை கூடாது. எழுதியதை நடத்த ஆளில்லை. நான் செயலாளரிடம் போனால், "நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் மேடம்" என்கிறார். பேசினேன். மேல் வீட்டுக்காரர் கதவைப் பாதி திறந்து, "என் வீட்டில் நான் கேட்கிறேன்" என்று சொல்லி மூடிவிட்டார். திரும்பச் செயலாளரிடம் போனால், வாட்ச்மேனிடம் சொல்லச் சொல்கிறார். அந்தப் பெரியவரின் நிலையை யோசித்துப் பார். அவருடைய சம்பளம் எல்லா வீட்டுக்காரர்களின் பணத்திலிருந்தும் வருகிறது. நள்ளிரவில் ஒரு முதலாளியின் கதவைத் தட்டி, இன்னொரு முதலாளி குறைசொல்கிறார் என்று அவர் எப்படிச் சொல்வார்? ஒருமுறை போய்த் திட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு அவரை நான் அனுப்புவதில்லை. கமிட்டியில் இருப்பவர்கள் செய்ய வேண்டிய வேலையை ஒரு ஏழைக் கிழவரின் தலையில் கட்டுவது பாவம்.

வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். இரண்டு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். அடுத்து யாரோ காலை வணக்கப் பூங்கொத்து அனுப்பினார்கள். என் செய்தி மேலே போய் மறைந்துவிட்டது. மாதம் பிறந்து ஐந்து தேதிக்குள் பராமரிப்புக் கட்டணம் வராவிட்டால் மட்டும் அதே குழுவில் வீட்டு எண்ணோடு பெயர் வரும், அபராதமும் வரும். பணம் வாங்கும் இடத்தில் இருக்கும் கறார் கடமையைச் செய்யும் இடத்தில் ஏன் இல்லை? பொதுக்குழு கூட்டியே வெகு காலம் ஆகிறது. கணக்கு கேட்டால் ஆடிட்டரிடம் இருக்கிறது என்கிறார்கள்.

இன்னொன்றும் என்னைச் சுடுகிறது. கல்யாணமாகாத பையன்களுக்கு வீடு விடக் கூடாது, அவர்கள் சத்தம் போடுவார்கள் என்று இதே கமிட்டி சுற்றறிக்கை ஒட்டியது. அந்தச் செவிலியர்ப் பெண்களைப் பார்க்க ஊரிலிருந்து தம்பி வந்தால்கூட வாசலில் விசாரணை. வாடகைக்கு இருப்பவர் என்றால் விதி, சொந்தக்காரர் என்றால் மௌனம். அந்தப் பெண்கள் பயந்துகொண்டு ஒரு புகார்கூட எழுதவில்லை. "எழுதினால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள் அம்மா" என்கிறார்கள். அவர்களுக்காகவும்தான் நான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, தாங்க முடியாமல் 100க்குப் போன் செய்தேன். ரோந்து வண்டி வந்தது. மேல் வீட்டில் சத்தம் நின்றது, அன்றைக்கு மட்டும். மறுநாள் செயலாளர் தாமாகவே எங்கள் வீட்டுக்கு வந்தார், அதுதான் முதல் தடவை. அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை. "போலீஸ் வந்தால் நம் அப்பார்ட்மென்டின் பெயர் கெடும், விலை குறையும்" என்றார். நாங்கள் தூங்காத இரவுகளுக்கு வராதவர் சதுர அடி விலைக்காக வந்தாரே என்று நினைக்கும்போது இன்னும் மனம் ஆறவில்லை.

நீ சிங்கப்பூரில், தெம்பனிஸில் உன் வீட்டுக்கு மேலே சுவர் இடித்த கதையைச் சொன்னாய். அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) விதிப்படி சுவர் இடிப்பதும் தரையைப் பெயர்ப்பதும் வார நாட்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணிவரைதான் என்றும், மின்தூக்கி அருகே முன்கூட்டியே அறிவிப்பு ஒட்டினார்கள் என்றும் சொன்னாய். "அது சிங்கப்பூர் அம்மா, நம் ஊரில் நடக்காது" என்றும் சேர்த்துக்கொண்டாய். அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் நான் ஏற்கவில்லை. நம் ஊரில் விதிக்குக் குறைவில்லை. ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45. இரவு என்றால் பத்து மணி முதல் காலை ஆறு வரை. சொந்த இடத்தில் வைத்திருக்கும் ஒலிக்கருவியின் சத்தமும் அந்த இடத்தின் எல்லையில் இந்த அளவை 5 டெசிபெலுக்கு மேல் தாண்டக் கூடாது. ஆகவே "என் வீட்டில் நான் கேட்கிறேன்" என்ற பேச்சு செல்லாது. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம், தலைமை நீதிபதி லகோட்டி இருந்த அமர்வு, அமைதியாக வாழ்வது அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. பேச ஒருவருக்கு உரிமை உண்டு, மற்றவரைக் கட்டாயமாகக் கேட்க வைக்க உரிமை இல்லை என்பதுதான் அதன் சாரம். தமிழ்நாட்டில் அடுக்குமாடி உரிமைக்கென்று 1994இல் வந்த சட்டத்தை மாற்றி 2022இல் புதுச்சட்டம் செய்து, அது 2024 மார்ச்சில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. நம் சங்கமோ 1975ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவானது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்ட வேண்டும். கூட்டாவிட்டால் மாவட்டப் பதிவாளரிடம் முறையிடலாம்.

அதைத்தான் செய்யப்போகிறேன். தேதி, நேரம், என்ன சத்தம், யாரிடம் சொன்னேன், என்ன பதில் வந்தது என்று ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். ஏழு வீட்டார் கையெழுத்துப் போட்டு, பொதுக்குழு கூட்டும்படி செயலாளருக்குப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினோம். வாட்ஸ்அப்பில் நழுவியவர் ஒப்புகை அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டார். அடுத்த மாதம் கூட்டுவதாக இப்போது அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். நாங்கள் கேட்கப்போவது பெரிதாக ஒன்றுமில்லை. இரவு பத்து மணி விதியை மீறினால் முதலில் எழுத்தில் எச்சரிக்கை, பிறகு அபராதம். உள்வேலை செய்கிறவர் முன்பணம் கட்டி, நேரம் எழுதிக்கொடுத்து, அதன் பிறகுதான் ஆட்களை இறக்க வேண்டும். புகார் வந்தால் வாட்ச்மேன் போகக் கூடாது, கமிட்டி உறுப்பினர் ஒருவர்தான் போக வேண்டும். வாடகைக்காரர்களின் புகாரையும் பதிவு செய்ய வேண்டும். மேல் வீட்டுக்காரரை அவமானப்படுத்த எனக்கு ஆசையில்லை. சப்-ஊஃபரைத் தரையிலிருந்து தூக்கித் தடித்த ரப்பரின் மேல் வைத்து, பத்து மணிக்கு அணைத்துவிட்டால், அவரோடு நான் சகஜமாகவே பேசுவேன்.

இங்கேதான் உன் உதவி வேண்டும். வீட்டுப் பத்திரம் உன் பெயரில் இருக்கிறது. உரிமையாளர் அல்லாதவர் பொதுக்குழுவில் பேச முடியாது என்று செயலாளர் இப்போதே சொல்லத் தொடங்கிவிட்டார். குடும்பத்தில் ஒருவரை உரிமையாளர் எழுத்து மூலம் நியமிக்கலாம் என்று நம் துணைவிதியில் இருக்கிறது. படித்துப் பார்த்துவிட்டேன். ஆகவே, இந்த வீட்டின் சார்பில் பொதுக்குழுவில் கலந்துகொள்ளவும் பேசவும் வாக்களிக்கவும் என் தாயாரை நியமிக்கிறேன் என்று எழுதி, வீட்டு எண்ணைக் குறிப்பிட்டுக் கையெழுத்துப் போடு. பாஸ்போர்ட் நகலையும் இணைத்துக் கூரியரில் அனுப்பு. மின்னஞ்சல் நகல் போதாது, அசல் கையில் இருந்தால்தான் அவர்கள் வாயை அடைக்க முடியும். செயலாளருக்கும் நீயே உரிமையாளராக ஒரு மின்னஞ்சல் அனுப்பு. மரியாதையாக எழுது, ஆனால் கெஞ்சாதே.

மாப்பிள்ளைக்கும் இதைப் படித்துக் காட்டு. விலை கேட்டு தரகர் ஒருவர் இங்கே வந்து போனார், நீங்கள் சொல்லி வந்ததாகச் சொன்னார். இனி யாரையும் அனுப்ப வேண்டாம். அவர் வந்து போன அன்று அப்பா ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியிலேயே வைத்துவிட்டார்.

அன்புடன்,
அம்மா