‘திரளாக வருக’ என்றால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் உள்ளூர் நிகழ்ச்சிப் பகுதியில் அவ்வப்போது கணினி நிரலாளர் சந்திப்புகளின் அறிவிப்பு வருகிறது. கோயில் திருவிழாவுக்கும் இளைஞர் மன்ற ஆண்டுக் கூட்டத்துக்கும் நடுவே ஒரு நிரலாக்கப் பட்டறைக்கும் இடம் கொடுக்கிறீர்கள், நன்றி. ஆனால் மூன்றுக்கும் வாசகம் ஒன்றே. யார் தலைமை, யார் திறப்புரை, எந்த டத்தோ (அரசு விருதுப் பட்டம் பெற்றவர்) சிறப்பு வருகையாளர், கடைசியில் ‘திரளாக வந்து கலந்து சிறப்பிக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’. திருவிழாவுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கிள்ளானிலிருந்து ரயிலேறி கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வருகிறவருக்குப் போதாது.

பழி செய்தி அறையின் மேல் இல்லை. எங்களைப் போன்ற குழுக்கள் எழுதித் தருவதே அந்த இலட்சணத்தில்தான் இருக்கிறது. இந்தக் கடிதம் பாதி உங்களுக்கு, பாதி சக குழுக்காரர்களுக்கு.

முதலில், எந்த நிலையில் உள்ளவர்களுக்கு என்பது. பைத்தான் ஒரு நிரலாக்க மொழி. ‘பைத்தான் பயிற்சி’ என்று மட்டும் போட்டால், ஒரு வரி நிரலும் எழுதாத ஐந்தாம் படிவ மாணவரும் வருவார், வங்கியில் பத்து ஆண்டு நிரல் எழுதியவரும் வருவார். ஒருவருக்குத் தலை சுற்றும், மற்றவருக்குக் கொட்டாவி வரும். ‘ஃபார் லூப் எழுதத் தெரிந்தவர்களுக்கு’ (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் நிரல் வரி அது) என்று நான்கு சொல் சேர்த்தால் இந்தத் தொல்லை தீரும். ‘அனைவருக்கும்’ என்று எழுதுவது யாருக்கும் உதவாது.

அடுத்தது, வீட்டிலேயே நிறுவிக்கொண்டு வர வேண்டியவை. முதல் மணி நேரம் விழுங்கப்படுவது இங்கேதான். விண்டோஸில் பைத்தான் நிறுவும்போது முதல் திரையின் அடியில், கட்டளைகளைக் கணினி தேடும் இடங்களின் பட்டியலான ‘பாத்’தில் சேர்க்கவா என்று ஒரு சிறு கட்டம் இருக்கும். அதில் குறி போடாமல் விட்டால், பிறகு கட்டளைத் திரையில் ‘பைத்தான்’ என்று அடிக்கும்போது மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொள்ளும். இருபது பேரில் ஐந்து பேருக்காவது இது நடக்கும். அழித்துவிட்டு மறுபடி நிறுவ வேண்டியதில்லை. நிறுவியை மீண்டும் ஓட்டி ‘மாடிஃபை’யில் அந்தக் கட்டத்தைக் குறித்தால் போதும், அல்லது ‘பை’ என்ற குறுங்கட்டளையால் ஓட்டலாம். இந்தக் குறிப்பு அறிவிப்பிலேயே இருந்தால் பாதிப் பேர் சரியாக நிறுவிக்கொண்டு வருவார்கள்.

மண்டபத்து வைஃபையை நம்பக் கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நிரல் எழுதும் திருத்தி ஒன்று சுமார் 100 எம்பி. முப்பது பேர் ஒரே நேரத்தில் இறக்கினால் 3 ஜிபி. 30 எம்பிபிஎஸ் இணைப்பில் ஏட்டளவில் 13 நிமிடம்; முப்பது கருவிகள் ஒரே ரௌட்டரோடு மல்லுக்கட்டும்போது அந்த வேகத்தில் பாதிகூடக் கிடைக்காது. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ போல 1 ஜிபிக்கு மேற்பட்டதென்றால் ஏட்டளவிலேயே இரண்டு மணி நேரத்தைத் தாண்டும், பட்டறையே முடிந்துவிடும். எனவே நான்கைந்து பென் டிரைவில் எல்லாவற்றையும் ஏற்றி வைப்பது ஏற்பாட்டாளர் வேலை. பைத்தான் தொகுப்புகளை ‘பிப் டவுன்லோட்’ கட்டளையால் ஒரு கோப்புறையில் முன்பே சேர்த்து வைக்கலாம். ஆனால் விண்டோஸுக்கும் மேக்குக்கும் தனித்தனிக் கோப்பு, பைத்தானின் பதிப்பு மாறினாலும் வேறு கோப்பு. அதனால்தான் எந்தப் பதிப்பு என்பதையும் அறிவிப்பில் சொல்ல வேண்டும்.

மின்சாரத்தையும் யாரும் எழுதுவதில்லை. நம் ஊர் மூன்று முனை பிளக்கின் ஃபியூஸ் 13 ஆம்பியர். 230 வோல்ட்டில் ஏறக்குறைய 3,000 வாட். ஒரு மடிக்கணினி சார்ஜர் 65 வாட் என்றால் இருபதுக்கு 1,300. இதுவரை வம்பில்லை. யாராவது அதே எக்ஸ்டென்ஷனில் 2,200 வாட் மின்கெண்டியைச் செருகித் தேநீர் போடுவார் பாருங்கள், அங்கேதான் கணக்கு தப்பும். கொஞ்சம் மிஞ்சினால் ஃபியூஸ் உடனே போகாது, அதற்குள் கம்பி சூடேறிவிடும். சுருளாகச் சுற்றிய எக்ஸ்டென்ஷன் என்றால் முழுதும் அவிழ்த்துப் போட வேண்டும். தேநீருக்கு வேறு சுவர்ப் பிளக். ‘சார்ஜரோடு வரவும், முழு சார்ஜில் வரவும்’ என்பதும் அறிவிப்பில் ஒரு வரி.

பழைய கணினியில் லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவித் தரும் நாள் நடத்துவோருக்கு இன்னும் கவனம் வேண்டும். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு இல்லாத கணினிகள் பல வீடுகளில் இருக்கின்றன, பிள்ளைகளின் பள்ளிப் பாடத்துக்கு அவையே போதும். ஆகவே இந்த நாளுக்குக் கூட்டம் வரும். வருகிறவர் என்னென்ன செய்துகொண்டு வர வேண்டும்? படங்களையும் ஆவணங்களையும் வெளி வட்டில் படியெடுத்திருக்க வேண்டும். வட்டுக்கு விண்டோஸ் போடும் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவி கையில் இருக்க வேண்டும். இரண்டு இயங்குதளமும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும் என்பவருக்கு இது மிக முக்கியம், இல்லாவிட்டால் மறுநாள் விண்டோஸ் திறக்காமல் போகலாம். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு வேண்டுமென்றால் 25 ஜிபி காலி இடம். 4 ஜிபி நினைவகம் மட்டுமே உள்ள கணினிக்கு லுபுண்டு போன்ற இலேசானதைப் போடலாம். ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு எச்சரிக்கை: உபுண்டு 24.04 கோப்பு 4 ஜிபியைத் தாண்டும். ஃபேட்32 வடிவில் உள்ள பென் டிரைவில் அதைப் படியெடுக்க முடியாது, காலி இடம் இருந்தாலும் ‘கோப்பு மிகப் பெரியது’ என்று செய்தி காட்டிக் குழப்பும். எக்ஸ்ஃபேட் வடிவுக்கு மாற்றினால் சரியாகும். நிறுவி முடித்ததும் ‘ஐபஸ் எம்17என்’ தொகுப்பையும் போட்டுத் தமிழ்99 விசைப்பலகையைக் காட்டிக் கொடுத்து அனுப்புங்கள். தமிழில் தட்டச்ச முடியவில்லை என்ற ஒரே காரணத்துக்காகவே லினக்ஸைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு.

இனி நாங்கள் முக்கியமாகக் கருதுவது. தலைப்பு. பைத்தான் அரிச்சுவடியை யூடியூபில் யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். தமிழ் நிரலாளர் குழு என்று பெயர் வைத்துக்கொண்ட பிறகு, வேறெங்கும் சொல்லித் தராததை அல்லவா சொல்லித் தர வேண்டும்? தமிழ் எழுத்தைக் கணினி எப்படி வைத்துக்கொள்கிறது என்பதில் ஓராண்டுச் சந்திப்புகளுக்குச் சரக்கு இருக்கிறது.

‘கோலாலம்பூர்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நமக்கு ஆறு எழுத்து. பைத்தானிடம் நீளம் கேட்டால் 11 என்னும். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் உலகப் பொது முறையான யூனிகோடில் ஒவ்வோர் உயிர்க்குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனிக் குறியெண். அந்த எண்களைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறைக் கோப்பில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 33. தரவுத்தளத்தில் பெயருக்கு 20 பைட் ஒதுக்கிவிட்டு ‘கோலாலம’ என்று பாதியில் அறுந்து நிற்கும் பட்டியல்களின் காரணம் இதுதான். ‘பினாங்கு’ என்பதைக் குறியெண் வரிசையில் தலைகீழாக்கினால் உகரக் குறி முதலில் வந்து நிற்கும், சொல்லே சிதையும். உயிர்மெய் வாரியாகப் பிரித்து அப்புறம் திருப்ப வேண்டும். புதியவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது.

அகர வரிசையிலும் சிக்கல் உண்டு. வருகைப் பட்டியலைச் சும்மா வரிசைப்படுத்தினால் கனகா முதலிலும் கமலா பிறகும் வருவார்கள். நம் நெடுங்கணக்கில் னகரம் கடைசி, யூனிகோடிலோ அது ‘ந’வுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஐசியு என்னும் நிரல் நூலகத்தின் தமிழ் வரிசை விதியைச் சொன்னால்தான் கமலா முந்துவார்.

நம் நாட்டுக்கே உரிய தலைவலி ஒன்று: ‘டான் ஸ்ரீ’ என்ற விருதுப் பட்டம். அந்த ஸ்ரீயைச் கிரந்த எழுத்தான ‘ஶ’வைக் கொண்டும் எழுதலாம், ‘ஸ’வைக் கொண்டும் எழுதலாம். 2005இல் யூனிகோட் 4.1இல் ‘ஶ’ சேர்ந்ததிலிருந்து இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. பல எழுத்துருக்களில் கண்ணுக்கு ஒன்றே, கணினிக்கு இரண்டு. பத்திரிகைக் காப்பகத்தில் ஒரு டான் ஸ்ரீயைத் தேடினால் பாதிச் செய்திதான் கிடைக்கும். ‘கொ’வை ஒற்றைக் குறியாகவும் அடிக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் அடிக்கலாம், அதை என்எஃப்சி என்னும் ஒருமைப்படுத்தல் சேர்த்துவிடும். ஸ்ரீயைச் சேர்க்காது. ‘கௌ’ என்பதற்குக் கொம்பும் ளகரமும் போட்டு ‘கெள’ என்று அடித்தவர்களையும் அது திருத்தாது. இவற்றுக்கு நாமே விதி எழுத வேண்டும்.

பதிவுப் படிவத்தையும் சேர்த்துக்கொள்வோம். நம்மவர் பெயரில் வரும் ஏ/எல், ஏ/பி (இன்னார் மகன், மகள் என்பதன் மலாய்ச் சுருக்கம்) என்பதன் சாய்கோட்டைக் கோப்புப் பெயரில் போட்டால் விண்டோஸ் ஏற்காது, லினக்ஸ் அதைக் கோப்புறைப் பிரிப்பாக எடுத்துக்கொள்ளும். சான்றிதழை மொத்தமாக அச்சிடும் நிரல் சரியாக அந்தப் பெயரில் நின்றுவிடும். மைகாட் அடையாள அட்டை எண்ணைக் கேட்கவே கேட்காதீர்கள், அரை நாள் பயிற்சிக்கு அது எதற்கு? கேட்டாலும் எக்செல் அதைப் பாழாக்கும். 12 இலக்க எண்ணைப் பொது வடிவில் அடுக்குக் குறியாகச் சுருக்கிக் காட்டும், பிறந்த ஆண்டில் தொடங்கும் எண் என்பதால் 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் எண்ணில் முன் நிற்கும் சுழியத்தைத் தின்றுவிடும். தமிழ்ப் பெயருள்ள சிஎஸ்வி கோப்பை எக்செலில் நேரே திறந்தால் குப்பை எழுத்தாக வருவதற்கு, பைத்தானில் ‘யுடிஎஃப்-8-சிக்’ என்ற குறியாக்கத்தில் சேமிப்பது மருந்து.

அச்சுக்கு வருவோம், இது ஆசிரியர் அவர்களின் கையில் உள்ளது. பக்க வடிவமைப்பில் பழைய எட்டு பிட் எழுத்துருவில் இணைய முகவரியைப் போட்டால் ரோமன் எழுத்தெல்லாம் தமிழ் எழுத்துத் துண்டுகளாக மாறி அச்சாகிறது. வரி முடிவில் மென்பொருள் தானாக ஓர் இணைப்புக் கோட்டைச் செருகிவிட்டால் அதையும் முகவரியின் பகுதி என்று நினைத்து வாசகர் தட்டச்சுகிறார். முகவரி ஒரே வரியில் முடியட்டும். கியூஆர் குறியீடு போடுவதானால் குறைந்தது இரண்டரை சென்டிமீட்டர், சுற்றிலும் நான்கு கட்ட அகல வெள்ளை விளிம்பு, கறுப்பு மை மட்டும். நான்கு வண்ணத்தில் அச்சிட்டால் தகடுகள் விலகினால் கைப்பேசி படிக்காமல் போகலாம். நீண்ட முகவரி கட்டங்களை நெருக்கமாக்கும், எனவே குறும்முகவரி நல்லது. குழுக்காரர்களே, இலவச ‘டைனமிக்’ கியூஆர் சேவைகளில் சில இரண்டு வாரத்தில் காலாவதியாகிக் காசு கேட்கும். அச்சான பத்திரிகையைத் திருத்த முடியாது, நிலையான குறியீட்டையே கொடுங்கள்.

குறுஞ்செய்தியில் நினைவூட்டுகிறவர்களுக்கு: தமிழில் ஒரு செய்திக்கு 70 குறியெண்தான், மிஞ்சினால் ஒவ்வொரு துண்டுக்கும் 67. ‘திரளாக வந்து கலந்து சிறப்பிக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்பது மட்டும் 64. நாளும் இடமும் சொல்ல மிச்சம் ஆறு.

நாள் குறிக்கும்போது தைப்பூச வாரத்தைத் தவிர்ப்பது சொல்லாமலே தெரியும். பத்துமலைப் பக்கமும் பினாங்கில் தண்ணீர்மலைப் பக்கமும் சாலைகள் மூடியிருக்கும். நோன்பு மாதத்தில் மாலைச் சந்திப்பை நோன்பு திறக்கும் நேரத்தோடு மோதவிடக் கூடாது. இடத்துக்குக் கட்டடப் பெயர் போதாது, எத்தனையாவது மாடி, மின்தூக்கி எந்த வாசல் பக்கம், அருகில் எந்த நிலையம் என்பதும் வேண்டும். வருகிறவர்களில் பாதிப் பேர் மாணவர்கள், காரில் வருவதில்லை.

மாதிரிக்கு ஒன்று: ‘தமிழ்ப் பெயர்களை அகர வரிசையில் அடுக்குவது எப்படி? சனி, பிற்பகல் மணி 2.00 முதல் 5.00 வரை. இரண்டாம் மாடி, பின்வாசல் மின்தூக்கி; எல்.ஆர்.டி. நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை. ஃபார் லூப் தெரிந்தவர்களுக்கு. பைத்தான் 3.12 நிறுவி, சார்ஜரோடு வரவும். கணினி இல்லாதவர்களுக்கு ஐந்து கணினிகள், முன்பே சொல்லவும். கட்டணம் இல்லை. சைவச் சிற்றுண்டி.’ இதில் டத்தோ இல்லை. வந்தால் மகிழ்ச்சியே, பின்வரிசையில் உட்கார்ந்து நிரல் எழுதட்டும்.

நிகழ்ச்சிக்குப் பின் வரும் செய்தியிலும் பொன்னாடைப் படத்தின் அளவைச் சற்றுக் குறைத்து, அன்று தீர்த்த சிக்கல் என்ன, தீர்வு என்ன என்று ஒரு பத்தி போட முடியுமா? வராதவர்களுக்கும் அது பயன்படும். உலகத் தமிழ் இணைய மாநாட்டை 2001லும் 2013லும் நடத்திய ஊர் கோலாலம்பூர், முரசு அஞ்சல் என்னும் தமிழ்த் தட்டச்சு மென்பொருள் உருவான நாடு இது. அந்தப் பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ள வாசகர்கள் இங்கே இருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு விவரம் கேட்கிறோம். இத்தகைய அறிவிப்புகள் எந்தக் கிழமைக்குள் செய்தி அறைக்கு வந்து சேர வேண்டும், யூனிகோடில் அனுப்பலாமா, கியூஆர் படத்தை எந்த வடிவில் தர வேண்டும் என்பதை அந்தப் பகுதியின் தலைப்பிலேயே வாரம் ஒருமுறை அச்சிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
செந்தூல் வட்டார நிரலாளர்கள் சிலர்,
கோலாலம்பூர்.