பாம்பன் பாலத்தில் வண்டி நிறுத்தும் ஓட்டுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

இராமேஸ்வரத்துக்கு வேன், கார், பேருந்து ஓட்டிவரும் ஓட்டுநர்களுக்கு, தங்கச்சிமடத்தில் வசிக்கும் ஒருவனின் வணக்கம்.

எங்கள் தீவில் ஒருவருக்கு உடல்நிலை மோசமாகி, இராமநாதபுரத்துக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டால், ஆம்புலன்ஸ் செல்வதற்கு 1988இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலத்தை விட்டால் வேறு சாலை கிடையாது. இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் அந்தப் பாலத்தில் போக ஒரு தடம், வர ஒரு தடம். ஒதுங்குவதற்கு மண் ஓரம் இல்லை, நடைபாதையும் அதற்கப்பால் கடலும்தான்.

சென்ற ஆண்டு ஆடி அமாவாசைக்கு முந்தைய நாள், என் மாமனாரை ஏற்றிச் சென்ற ஆம்புலன்ஸ் அந்தப் பாலத்தின் நடுவே நின்றுபோனது. முன்னால் ஒரு வேன் நின்றிருந்தது. எதிர்த்தடத்தில் வண்டிகள் விடாமல் வந்துகொண்டிருந்தன. "வண்டிய எடுங்கண்ணே, உள்ள ஆள் இருக்கு" என்று எங்கள் ஓட்டுநர் மைக்கில் கெஞ்சினார். எடுக்க வேண்டியவரோ வேனைப் பூட்டிவிட்டு, நூறடி தள்ளி, குடும்பத்தோடு ரயில் பாலத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். அவர் ஓடிவந்து, பதற்றத்தில் எந்தப் பையில் சாவி என்று தேடிய அந்த நேரம் முழுவதும், ஆக்சிஜன் குழாயைப் பிடித்தபடி நான் மாமனாரின் உதட்டு நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லவேளையாக அவர் பிழைத்துக்கொண்டார். அந்த வேன்காரர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு நிமிடம்தானே என்று நினைத்திருப்பார்.

2025 ஏப்ரலில் புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டபின் நின்று பார்க்கும் ஆசை கூடியிருக்கிறது. ஆசையைக் குறை சொல்லவில்லை. நிறுத்தும் இடத்தைத்தான் சொல்கிறேன்.

பாலத்தில் சைரன் கேட்டால், உடனே பிரேக் அடித்து நிற்பது சரியென்று பலர் நினைக்கிறார்கள். ஆம்புலன்ஸுக்கு முன்னால் அதே திசையில் செல்பவர் அங்கே நின்றால் வழி அடைபடும். எனவே வேகத்தைக் கூட்டாமல், நிற்காமல், பாலம் முடியும்வரை சீராக ஓட்டி, இறங்கியதும் இடப்பக்கம் காட்டி ஒதுங்குவதே நல்லது. எதிரே வருபவர்தான் வேகத்தைக் குறைத்து, நடைபாதையை ஒட்டி நின்று, முன்வண்டிக்கும் தமக்கும் நடுவே தாராளமாக இடம் விட வேண்டும். அந்த இடைவெளி தெரிந்தால்தான் ஆம்புலன்ஸ் எதிர்த்தடத்தில் ஏறி முந்த முடியும்.

இன்னொன்று, வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாதது. மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில், பாலத்தின் மறுகரையிலுள்ள மண்டபம் ஊரை நோக்கிச் செல்லும்போது காற்று முகத்தில் அடிக்கும். பின்னால் வரும் சைரன் ஒலியை அது பின்னுக்கே தள்ளிவிடும். கண்ணாடியை ஏற்றி, ஏசியும் பாட்டும் போட்டிருந்தால் வண்டி முதுகில் வந்து நிற்கும்வரை ஒன்றும் கேட்காது. காதை நம்பாமல் பக்கக் கண்ணாடியை அடிக்கடி பாருங்கள்.

மண்டபம் தாண்டி உச்சிப்புளி வழியாகச் செல்லும் சாலையில் ஒதுங்க இடமுண்டு. ஆனால் ஓரத்தில் மணல். சட்டென்று திருப்பினால் இருசக்கர வண்டி சறுக்கும். இண்டிகேட்டர் போட்டு, வேகம் குறைத்து, இடப்பக்கமாக மெல்ல இறங்கி நில்லுங்கள். ஆம்புலன்ஸ் சென்றவுடன் ஏறிவிடாமல், பின்னால் இன்னொன்று வருகிறதா என்று பாருங்கள். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பறப்பவர்களும் உண்டு. அது திடீரென நின்றால் மோதப்போவது அவர்கள்தான்.

"காலி வண்டிக்கு எதற்குச் சைரன்?" என்று டீக்கடையில் கேட்கிறார்கள். காலியாகச் செல்வது நோயாளியை எடுக்கத்தான். வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த திருத்தம் கூறுகிறது. ஆனால் நடுப்பாலத்தில் அபராதச் சீட்டு எழுதியும் அந்த வேன் நகர்ந்திருக்காது.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். மண்டபத்தில் டீ குடிக்க நிறுத்தும்போதே, "பாலத்துல வண்டி நிக்காதுங்க, பார்க்கணும்னா அந்தக் கரையில எறக்கி விடுறேன், நடந்து வந்து பாருங்க" என்று பயணிகளிடம் சொல்லிவிடுங்கள். பாலத்தில் நெரிசலால் வண்டி நிற்க நேர்ந்தால் இருக்கையை விட்டு இறங்காதீர்கள். சாவி வண்டியிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கச்சிமடம்வாசி ஒருவன்