கப்பல் பேர் வருது, அதுல ஏறிப் போன ஆள் பேர் எங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புயல் அடிச்சா மறுநாள் பேப்பர்ல நேவி கப்பல் பேரெல்லாம் தவறாம வந்துடுது. 2017 ஒக்கி புயல் சமயத்துல சார்தா, நிரீக்ஷக், கப்ரா, கல்பேனின்னு படிச்சது இன்னும் ஞாபகம் இருக்கு. 2019ல மொசாம்பிக்ல இடாய் புயல் அடிச்சப்போ சுஜாதா, ஷர்துல், அதோட கோஸ்ட் கார்டோட சாரதி, 2025ல இலங்கையில டித்வா புயல் அடிச்சப்போ கொழும்புல நின்ன விக்ராந்தும் உதயகிரியும். நல்ல விஷயந்தான், நான் குறை சொல்லல, அரிசி மூட்டையும் மருந்தும் கொண்டு போய் இறக்குனவங்களைப் பாராட்டாம வேற யாரைப் பாராட்டுறது. ஆனா எனக்கு ஒரு ஆதங்கம் ரொம்ப நாளா இருக்கு, அதைத்தான் எழுதுறேன்.

ஒக்கியில காணாமப் போன போட்டுகளைத் தேட நேவி கப்பல்லயும் கோஸ்ட் கார்டு கப்பல்லயும் நம்ம கடற்கரை மீனவர்களையும் ஏத்திட்டுப் போனாங்க. மொதல்ல ஏத்தல, கரையில சனங்க சத்தம் போட்ட பிறகுதான் ஏத்துனாங்க. எதுக்கு அவங்க வேணும்னா, ரேடார்ல ஒரு கவுந்த வள்ளம் அவ்வளவு சுலபமா தெரியாது. பைபர் வள்ளம் கவுந்துட்டா தண்ணிக்கு மேல அடிப்பக்கம் கொஞ்சம் மட்டும் நிக்கும், அதைப் புடிச்சுகிட்டோ காலி கேனைக் கட்டிப்புடிச்சுகிட்டோ கெடக்குற ஆளோட தலை மட்டும் அலைக்கு நடுவுல வந்து வந்து மறையும், உசரமான கப்பல் தளத்துல நின்னு பாக்குறவங்களுக்கு அது நுரையா ஆளான்னு பிரிச்சுச் சொல்றது கஷ்டம். நம்ம ஆளு மொதல்ல கேக்குறது எந்தப் பாருல (கடலுக்கடியில பாறை இருக்குற மீன்பிடி இடம்) வலை விட்டான், எப்ப விட்டான், அப்போ நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் ஓடுச்சு, காத்து எப்போ திரும்புச்சு. இதை வச்சு இவ்வளவு நேரத்துல இவ்வளவு தூரம் மேக்கால தள்ளிருக்கும், இங்க தேடாதீங்க, அங்க போங்கன்னு சொல்லுவான். கரையில தெரியுற மலையை அடையாளமா வச்சுக் கணியம் பாத்தே கடல்ல இடம் குறிக்கிற ஆளுங்க இவங்க, எந்த ஸ்கூல் சர்டிபிகேட்லயும் இது வராது.

அப்படிப் போனவங்க யாரு? பேப்பர்ல வந்தது "உள்ளூர் மீனவர்கள் உதவியுடன்"னு மூணே வார்த்தை. கப்பலுக்குப் பேரு உண்டு, கமாண்டருக்குப் பேரு உண்டு, ஹெலிகாப்டருக்குக்கூட மாடல் பேரு உண்டு, வழி காட்டுனவனுக்கு மட்டும் ஊரும் இல்ல பேரும் இல்ல.

இதுல எனக்கு டச்சுக்காரன் ஞாபகம் வருது. சிரிக்காதீங்க, சம்பந்தம் இருக்கு. கொச்சியில டச்சுக் கம்பெனி இருந்த காலத்துல 1670லேர்ந்து 1677 வரைக்கும் மலபார் கமாண்டரா இருந்தவன் வான் ரீடே. மிளகு யாவாரத்துக்கு வந்தவன்தான், செடி மேல அவனுக்கு வந்த ஆசையிலயும் கம்பெனி கணக்கு உண்டு, ஹாலந்துலேர்ந்து கப்பல்ல மருந்து வரவழைக்கிறதை விட இங்கயே கெடைக்கிற மூலிகை சல்லிசு இல்லையா. ஆனா அவன் ஒரு காரியம் செஞ்சான். சேர்த்தலை பக்கம் கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த இட்டி அச்சுதன்னு ஒரு ஈழவ வைத்தியர், பரம்பரையா ஓலைச்சுவடி வச்சிருந்தவர், அவரைக் கூப்பிட்டு உக்கார வச்சு எந்தச் செடி, என்ன பேரு, எதுக்கு ஆகும்னு சொல்லச் சொல்லி எழுதிக்கிட்டாங்க. அந்தக் காலத்துல நம்ம சொந்த ஆளுங்களே அவரை எங்க நிக்க வச்சிருப்பாங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட்னு மூணு கொங்கணி வைத்தியர்களும் கூட இருந்தாங்க. அதுதான் ஹோர்டூஸ் மலபாரிக்கூஸ்ங்குற மலபார் செடிகளைப் பத்தின லத்தீன் புக்கு, 1678லேர்ந்து 1693 வரை ஆம்ஸ்டர்டாம்ல 12 பாகமா அச்சாச்சு, மொதல் செடியே நம்ம தேங்கா.

மொதல் பாகத்துலயே அச்சுதன் கோலெழுத்துல (பழைய மலையாள எழுத்து) எழுதிக் குடுத்த சாட்சிக் கடிதத்தை அப்படியே போட்டிருக்கான், 1675 ஏப்ரல் 20 தேதி போட்டு. அதாவது ஐரோப்பாவுல அந்தப் புக்கைப் பிரிச்ச ஒவ்வொருத்தனும், சொன்ன ஆளு யாரு, எந்த ஊருன்னு பாத்துட்டுத்தான் உள்ள போயிருக்கான். ஸ்வீடன் தாவரவியல்காரர் லின்னேயஸ் செடிகளுக்குப் பேரு வச்சப்போ இதைப் பெரட்டிருக்கார், பின்னாடி வேற ஒருத்தர் நம்ம ஏலக்காய்க்கு வச்ச லத்தீன் பேரு எலட்டேரியாங்குறதே அதுல இருந்த "எலத்தரி"லேர்ந்து வந்ததுதான். பின்னாடி 19ம் நூற்றாண்டுல லெய்டன்ல இருந்த ப்ளூமேன்னு ஒரு தாவரவியல்காரர் ஒரு செடி இனத்துக்கு அச்சுதெமியான்னே பேரு வச்சார், நம்ம அச்சுதன் நினைவா! இந்தப் புக்கு பின்னாடியே ஆயுசைக் கழிச்சு இங்கிலீஷ்லயும் மலையாளத்துலயும் கொண்டு வந்த கே.எஸ். மணிலால் சாருக்கு 2012ல டச்சு அரசாங்கம் அவங்க ராஜ விருது குடுத்துச்சு, நம்ம பத்மஸ்ரீ வர 2020 ஆயிடுச்சு.

ஆனா டச்சுக்காரனையும் முழுசா தூக்கி வைக்க முடியாது. காட்டுக்குள்ள போய் மரமேறிப் பூவும் காயும் பறிச்சுக் கொண்டாந்த கூட்டம் ஒண்ணு இருந்துச்சே, அவங்க பேரு அவன்கிட்டயும் இல்ல. வைத்தியர் வரைக்கும் வந்த கை மரமேறி வரைக்கும் நீளல.

விஷயத்துக்கு வரேன். 340 வருஷத்துக்கும் மேல முன்னாடி லத்தீன்ல புக்கு போட்டவனுக்குச் சொன்னவன் பேரைக் கேட்டு எழுதத் தோணுச்சு, கையில செல்போன் வச்சிருக்குற நம்ம நிருபருக்கு ஏன் தோண மாட்டேங்குது? பிரஸ் ரிலீஸ் கப்பல்லேர்ந்து வருது, கரையிலேர்ந்து யாரும் அனுப்புறதில்ல, அதுதான் காரணம்னு நெனைக்கிறேன். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடின்னு எங்க பக்கத்து எந்தப் பங்கு (சர்ச்) ஆபீசுக்குப் போன் போட்டாலும் யாரு எந்த போட்டுல போனான், யாரு தேடப் போனான்னு நோட்டுல இருக்கும். ஒக்கியில காணாமப் போனவங்க கணக்குகூட சர்க்கார் ஒண்ணு சொல்ல பங்கு ஒண்ணு சொல்லித்தான் நாளுக்கணக்கா இழுத்துச்சு, அதுல யாரு பேரு பேரா எழுதி வச்சிருந்தாங்கன்னு அன்னைக்குச் செய்தி எடுக்க வந்த உங்க ஆளுங்களுக்கே தெரியும்.

அதனால அடுத்த புயலுக்கு "உள்ளூர் மீனவர்கள்"னு போடுறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டு, ஏறிப் போனவங்க பேரையும் ஊரையும் கப்பல் பேருக்குப் பக்கத்துலயே போடுங்க. இடம் பத்தலைன்னா மந்திரி பார்வையிட்ட போட்டோவைக் கொஞ்சம் சின்னதாக்கிக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தூத்தூர் பக்கம், கன்னியாகுமரி மாவட்டம்.